கருஞ்சீரகம் கலந்த மீன் தீன்

வீட்டுக்குப் பின்னால் நான் வெட்டுவித்த குளத்தில் முதல் தடவை விட்ட திலாப்பியாக் குஞ்சுகள், மாரி மழையோடு உடம்பெல்லாம் புண் வந்து செத்து மிதந்தன. என் கணவர் ஒரே பேச்சாய்ச் சொல்லிவிட்டார்: "போதும் புள்ள, மண்ணப் போட்டு மூடுவம்."

"மறுகா ஒருக்கா வளர்த்துப் பார்க்கிறன். அதுவும் செத்தா மூடுங்க" என்றேன்.

தீன் விற்கிற கடைக்காரர், நோய் வருமுன்பே போடச் சொல்லி ஒரு அன்டிபயோட்டிக் தூளை நீட்டினார். நோயில்லாத மீனுக்கு என்னத்துக்கு மருந்து? மீன் தின்பது நாளைக்கு என் பிள்ளைகளின் சோற்றுக் கோப்பைக்குத்தான் வரும். வேண்டாம் என்று எழும்பி வந்துவிட்டேன். இலையும் விதையும் கொடுத்தே மீனின் உடம்பைத் தேற்றலாம் என்று போனில் ஒரு வீடியோ பார்த்திருந்தேன்.

எங்கள் ஊரில் தடிமன் காய்ச்சல் என்றாலும் கருஞ்சீரகம், வயிற்றுக்குத்து என்றாலும் கருஞ்சீரகம். இறையருள் நிறைந்த பறக்கத்தான சாமான், கூடப் போட்டால் கூட நல்லதுதானே என்று கைநிறைய அள்ளி அரைத்துத் தீனில் கலந்தேன். புதிதாய் விட்ட குஞ்சுகள் வாயில் வாங்கித் துப்பின. "பாழாப்போன மீனே, சாகத்தான் ஆசையோ!" என்று குளக்கட்டில் நின்று கத்தினேன். கணவர் யன்னலுக்குள்ளால், "மீனுக்கு ஓதிப் பார்க்கல்லியா?" என்று கேட்டுச் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் கருஞ்சீரகத்தை ஒரு நுள்ளாகக் குறைத்தேன். முருங்கை இலையை நிழலில் காயவைத்து இடித்தேன். உள்ளிப் பூண்டும் கொஞ்சம் அரைத்தேன். தண்ணீரில் கரைந்து போகாமலிருக்க, எல்லாவற்றையும் சோற்றுக் கஞ்சியில் குழைத்துத் தீனோடு பிசறி உலர்த்தினேன். மீன்கள் ஒன்றையொன்று முண்டி அடிபட்டுத் தின்றன. வரவர முதுகு தடித்தன.

மாரி வந்தது. மழை கொட்டிய ஒரு காலையில் இரண்டு மீன்கள் செத்து மிதந்தன. கையில் எடுத்துப் பார்த்தேன், புண் இல்லை. பின்னேர அசர் தொழுகைக்கு முன்னமே மண் ஏற்றிய டிராக்டர் வாசலில் வந்து நின்றது. கணவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எங்கள் பக்கம் வீடும் வளவும் பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை வந்து குடியிருப்பார். அதை எந்தப் பெண்ணும் புருஷனின் முகத்துக்கு நேரே சொல்வதில்லை. நான் சொன்னேன். டிரைவருக்குக் கேட்கவே சொன்னேன்.

"இது என்ட வளவு. செத்தது ரெண்டுதான். ஒரு கூடை மண் விழக்கூடா."

டிராக்டர் திரும்பிப் போனது. அவருடைய முகம் கறுத்துவிட்டது.

"குளத்துக்காக இல்ல புள்ள. அந்த முறை ஒவ்வொரு மீனையும் மண்ணுக்குள்ள தாட்டுத் தாட்டு நீ அழுதாய். மறுகா அதப் பார்க்க எனக்கு ஏலா."

அவர் சொன்னது உண்மைதான். ஆனாலும் விடவில்லை. "இந்த முறை அழமாட்டன். தள்ளி நில்லுங்க, தீன் போடணும்."

கலங்கல் தண்ணீரை இறைத்துவிட்டு, நனைந்துகொண்டே கொஞ்சமாய்த் தீன் போட்டேன். மழை விடும்வரை அப்படியே செய்தேன்.

மாரி முடிய வலை இழுத்தோம். அவர் ஒவ்வொரு மீனாகத் தூக்கி, புரட்டிப் புரட்டிப் புண் தேடினார். ஒன்றிலும் இல்லை. சொன்னபடி நான் அழவில்லை. அவர்தான் கையில் துள்ளிய மீனோடு சேற்றில் குந்தி, தேம்பித் தேம்பி அழுதார்.