வண்டிக்கடியில் படுத்துப் பார்த்த பேச்சியக்கா

பேச்சியக்கா இறந்த செய்தி போடிமெட்டுச் சோதனைச் சாவடியில் என்னை வந்தடைந்தது. காலை ஏழு மணி இருக்கும். முன்னால் ஏழெட்டு ஜீப்புகள் நின்றன. என் வண்டியின் பின்தட்டில் பதினான்கு பெண்கள், ஏலத்தோட்டத்தில் களையெடுக்கப் போகிறவர்கள். போனில் அவருடைய மகள், "மாமா, அம்மா போயிருச்சு" என்றாள்.

இறங்கிப் போய்ப் பின்னால் இருந்தவர்களிடம் சொன்னேன். யாரும் கதறவில்லை. ஒருத்தி, "திரும்பிருவமாண்ணே?" என்றாள். இன்னொருத்தி, "இன்னைக்கு நாம போகலைன்னா நாளைக்கு வேற ஆளை வச்சுருவாக" என்றாள். இரண்டுமே சரியாகத்தான் பட்டது. சாவடியைக் கடந்து தோட்டத்துக்கே போனோம். மதியம் வரை வேலை பார்த்துவிட்டு, சூப்பர்வைசரிடம் கெஞ்சிக் கேட்டு இறங்கினோம். நகக்கண்ணில் தோட்டத்து மண் ஒட்டிய கையோடுதான் அந்தப் பெண்கள் அவருக்கு மாலை போட்டார்கள்.

அவரோடு மலையேறிய உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல அதிகமில்லை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பேச்சியம்மாள் போடியில் ஆள் சேர்த்து கேரள எல்லைக்கு அப்பால் மலைமேல் உள்ள தோட்டங்களுக்குக் கூட்டிப்போகிறவர். யாருக்குக் காய்ச்சல், யார் வீட்டில் துக்கம், எந்தத் தோட்டத்தில் குடிக்கத் தண்ணீர் தரமாட்டார்கள் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். மலையாளம் பாதி, தமிழ் பாதியாகப் பேசிச் சூப்பர்வைசர்களை மடக்கிவிடுவார். பதினாறு வருடம் அவருடைய ஆட்களுக்கு நான் வண்டி ஓட்டினேன். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றக்கூடாது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஏற்றாவிட்டால் சோலிக்குப் போய்ச் சேர முடியாது என்பதும் தெரியும்.

என் ஜீப் ஓய்ந்துபோனதும் பழைய பிக்கப் சரக்கு வண்டி ஒன்றை வாங்க நினைத்தேன். போடிக்கு வெளியே ஒரு தரகரிடம் வெள்ளை வண்டி ஒன்று நின்றது. எஞ்சின் சத்தம் சுத்தமாக இருந்தது. எனக்குப் பிடித்துவிட்டது. "எம் புள்ளைக ஏறப்போற வண்டி, நானும் ஒரு பார்வை பாக்கேன்" என்று பேச்சியக்காவும் கூட வந்தார்.

வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "வெறும் வண்டி. பின்பக்கம் ஏன் இப்படித் தூக்கிக்கிட்டு நிக்குது?" என்று கேட்டார்.

"லோடு ஏத்துனாச் சமமாயிரும்க்கா" என்றார் தரகர்.

அதே ரக வண்டி இன்னொன்று இரண்டு வண்டி தள்ளி நின்றது. ஒரு சணல் கயிற்றால் பேச்சியக்கா அதன் பின்சக்கரத்து நடுவிலிருந்து மேலே மட்கார்டு வரை அளந்தார். அதே கயிற்றை நாங்கள் பார்க்க வந்த வண்டியில் வைத்துப் பார்த்தார். கயிறு நாலு விரல் எட்டவில்லை; பின்பக்கம் அவ்வளவு உயர்ந்து நின்றது. பிறகு சாக்கை விரித்து வண்டிக்கடியில் படுத்தார். என்னையும் கூப்பிட்டார்.

"ஸ்பிரிங் பட்டைய எண்ணு தம்பி. அந்த வண்டியில எத்தனை, இதுல எத்தனை?"

அச்சின் மேல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய இரும்புப் பட்டைகள் பக்கத்துக்கு அதில் ஐந்து, இதில் ஏழு. ஏழுக்கும் ஒன்றுபோல் கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். கொண்டை ஊசியால் ஒவ்வொரு பட்டையின் ஓரத்திலும் சுரண்டினார். ஐந்தில் பெயிண்டுக்கு அடியில் துரு இருந்தது. இரண்டில் புது இரும்பு பளிச்சென்று தெரிந்தது. பட்டைகளை அச்சோடு கட்டிப் பிடிக்கும் போல்ட்டுகளும் புதியவை, நீளம் கூடியவை.

சேலையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "கூட லோடு ஏத்துறதுக்கு ரெண்டு பட்டை சொருகியிருக்காக. தாங்காத சுமையெல்லாம் இந்த வண்டி சுமந்திருக்கு. இது வேண்டாம் தம்பி."

"ஆர்டிஓ அம்மா சொல்லிட்டாகல்ல, விடுங்க" என்று தரகர் சிரித்தார். அங்கே நின்ற இரண்டு டிரைவர்களும் சிரித்தார்கள். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. "இருபது வருசமா வண்டி ஓட்டுறேன்க்கா, எனக்குத் தெரியாதா?" என்று சொல்லி அந்த வண்டியையே வாங்கினேன்.

அவர் கோபப்படவில்லை. "வாங்கிக்க. உன் வண்டி. எம் புள்ளைக இதுல ஏறாதுக" என்றார்.

மூன்று மாதம் உரமும் மூட்டையும்தான் ஏற்றினேன். பெண்கள் வேறொரு ஜீப்பில் போனார்கள். வழியில் பார்க்கும்போதெல்லாம் பேச்சியக்கா, "சாப்ட்டியா தம்பி?" என்று எப்போதும்போலக் கேட்பார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஒரு மழை நாளில் குரங்கணியிலிருந்து காப்பி மூட்டைகளோடு இறங்கிக்கொண்டிருந்தேன். ஒரு வளைவில் பிரேக் மிதித்ததும் பின்பக்கம் துள்ளி ஒதுங்கியது. வண்டி என் பேச்சைக் கேட்கவில்லை. தடுப்புச் சுவரில் உரசிக்கொண்டே போய் நின்றது. மூன்று மூட்டைகள் பள்ளத்தில் உருண்டன. நான் இறங்காமல் உட்கார்ந்திருந்தேன். மூட்டைகள் இருந்த இடத்தில் யார் யார் உட்கார்ந்திருப்பார்கள் என்று மனம் ஒவ்வொரு பெயராகச் சொல்லிக்கொண்டிருந்தது.

மறுநாள் பட்டறையில் அந்தக் கூடுதல் பட்டைகளைக் கழற்றினார்கள்; அவற்றால் ஸ்பிரிங் விறைத்துப்போனதால்தான் பின்பக்கம் துள்ளியது என்றார்கள். ஸ்பிரிங்கைத் தாங்கும் இடத்தில் வண்டியின் அடிச்சட்டமான சேசிஸ் விரிசல் விட்டிருந்ததைப் பட்டறைக்காரர் டார்ச் அடித்துக் காட்டினார். வெட்டி, பலப்படுத்தி, எல்லாம் முடிய இரண்டு வாரம் ஆனது. வண்டியைப் பேச்சியக்கா வீட்டு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். அவர் சாக்கை விரித்துப் படுத்து எண்ணினார். எழுந்து வந்து, "நாளைக்கு ஆள் ஏத்த வெரசா வந்துரு" என்றார். 'அன்னைக்கே சொன்னேனே' என்று அன்றும் சொல்லவில்லை, அதற்குப் பிறகும் சொல்லவில்லை.

இதையெல்லாம் எங்கே கற்றுக்கொண்டார் என்று வெகுநாள் கழித்துத்தான் கேட்டேன். போடிமெட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். அவருடைய தங்கை ஒருத்தி தோட்ட வேலைக்குப் போன வண்டி கவிழ்ந்து இறந்திருக்கிறாள். அதே வண்டியில் இவரும் இருந்திருக்கிறார். "பிரேக் பிடிக்கலைன்னு எல்லாரும் சொன்னாக. கவுந்து கெடந்த வண்டியக் காட்டி ஒரு மெக்கானிக்குதான், 'பாரும்மா, எத்தனை பட்டை சொருகியிருக்கான்'னு வெளக்குனாரு" என்றார்.

"இதை அன்னைக்கே எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லக்கா?"

"சொல்லியிருந்தா என்மேல பாவப்பட்டு அந்த வண்டிய விட்டுருப்ப. இரும்பப் பாத்துல்ல விடணும்."

டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மேலும் சொன்னார். "எனக்கும் அலுப்பாத்தான் இருக்கு தம்பி. வருசத்துக்கு நாலு வண்டி, நாலு சண்டை. ஒருத்தனாச்சும் தானாக் குனிஞ்சு பாத்தான்னா நான் ஏன் குனியப்போறேன்?"

கடைசி ஒன்றரை வருடம் சிறுநீரகம் கெட்டு, டயாலிசிஸுக்காக வாரம் இரண்டு முறை தேனிக்குப் போய் வந்தார். மலையேறுவது நின்றுபோனது. ஆட்களைக் கூட்டிப்போகும் பொறுப்பு என்னிடம் வந்தது. போன மாதம் என் வண்டி பட்டறையில் நின்றதால் வேறொருவரின் பிக்கப்பை ஏற்பாடு செய்தேன். விடிந்ததும் படுக்கையிலிருந்து போன் செய்தார். குரல் தேய்ந்திருந்தது.

"புது வண்டியாமே. படுத்துப் பாத்தியா?"

"பாத்தேன்க்கா."

நான் பார்க்கவில்லை. தூறல் விழுந்துகொண்டிருந்தது, தரையெல்லாம் சேறு, முதுகு வலி. நின்ற இடத்திலிருந்தே குனிந்து ஒரு பார்வை பார்த்ததோடு சரி.

"அப்பச் சரி" என்று போனை வைத்துவிட்டார்.

பெண்கள் போய்விட்டு மாலையில் பத்திரமாகத் திரும்பினார்கள். அவர்கள் இறங்கிய பிறகு அந்த வண்டிக்கடியில் படுத்தேன். பக்கத்துக்கு ஒரு பட்டை கூடுதலாகச் சொருகியிருந்தது. உரிமையாளரிடம், இனிமேல் இந்த வண்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பேச்சியக்காவிடம் சொல்லவில்லை. உடம்பு தேறட்டும், சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். மூன்று வாரத்தில் அவர் போய்விட்டார்.

அவருடைய பொறுமை எனக்கு வரவில்லை, அந்த வாய்ச்சாமர்த்தியமும் இல்லை. என்னிடம் மிஞ்சியிருப்பது, என்னை நம்பி அவர் போனை வைத்த அந்த "அப்பச் சரி" மட்டும்தான். எந்த வண்டிக்கு முன்னால் போய் நின்றாலும் அது காதில் விழுகிறது. அலுப்பாகத்தான் இருக்கிறது. சாக்கை விரித்துப் படுக்கிறேன்.