வெயிலில் காய்ந்த குரல்

பஸ்ஸின் பின் இருக்கையில் ஒரு பொம்மை செத்துக்கொண்டிருந்தது. ஹட்டனிலிருந்து பொகவந்தலாவைக்குப் போகிற பஸ். வளைவுக்கு வளைவு ஆட்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து நிமிர்கிறார்கள். யாரோ ஒரு பிள்ளையின் கையில் பாட்டுப் பாடுகிற சாமான். பெட்டரி தீர்கிற குரல், தொண்டை கட்டிய மனுஷி அடுப்படியில் முனகுவதுபோல இழுத்து இழுத்து வந்தது. “நிப்பாட்டுடா, தல வலிக்குது” என்றாள் தாய். பிள்ளை நிறுத்தவில்லை. நான் நோர்வூட்டில் இறங்க வேண்டியவள். இறங்கவில்லை. அந்தக் குரல் அடங்குகிற வரைக்கும் போவோம் என்று உட்கார்ந்திருந்தேன்.

அப்படி ஒரு குரலை நான் ஒரு தரம் தேர்ந்தெடுத்திருக்கிறேன்.

தொண்ணூறுகளின் பின்பாதி அது. என் மகள் தத்தித் தத்தி நடக்கிற வயதில் அவளை அக்காவிடம் விட்டுவிட்டு, பாலைவன ஊர் ஒன்றில் வீட்டு வேலைக்குப் போனேன். அவள் அப்பா கொழும்பில் சாப்பாட்டுக் கடை ஒன்றில் நின்றார். மாதத்துக்கு ஒரு தரம் வருவார். அக்கா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவள். வேலைக்குப் போன தாய்மார் திரும்பும்வரை தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக்காம்பராவில் காலையில் என் மகளையும் விட்டுவிட்டு மலை ஏறுவாள்.

அங்கே நான் பார்த்துக்கொண்டது இன்னொருத்தி பெற்ற பிள்ளையை. அவனுக்கு ஓர் அறை நிறைய விளையாட்டுச் சாமான்கள். அதில் ஒரு நீலப் பலகை. எழுத்தை அமுக்கினால் ஒரு பெண் குரல் “ஏ, அப்பிள்” என்னும். கேட்ட எழுத்தைச் சரியாக அமுக்கினால் “வெரி குட்”, தப்பினால் “ட்ரை அகேன்”. அவன் விரலைப் பிடித்து அமுக்க அமுக்க எனக்கும் இங்கிலீஷ் எழுத்து வந்தது. ஆனாலும் அந்த விரல் எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். அதுதான் எனக்கு ஆகாமல் இருந்தது. என் மகளின் விரல் பனியில் நனைந்த கொழுந்து மாதிரி இருக்கும். எங்கள் பக்கத்தில் எல்லாப் பிள்ளைக்கும் அப்படித்தான்.

பெருநாள் ஒன்றுக்கு அந்த வீட்டு மெடம் என்னையும் கடைக்குக் கூட்டிப்போனார். “உன் மகளுக்கு நீயே ஒன்று எடு” என்றார். சுவர் உயரத்துக்கு அடுக்கு. எல்லாம் பேசும், எல்லாம் பாடும், எல்லாவற்றிலும் விளக்கு எரியும். அமுக்கி அமுக்கிக் காதில் வைத்துப் பார்த்தேன். ஒரு நாய் பாட்டுப் பாடியது. குரல் தகரத்தில் ஆணி இழுத்த மாதிரி. ஒரு புத்தகம் ஆம்பிளைக் குரலில் செய்தி வாசித்தது. ஒரு ரயில் எண்களைச் சொல்லிவிட்டு யாரோ சுண்டிவிட்ட மாதிரிச் சிரித்தது. கடைக்காரப் பையன் கேரளாக்காரன், என்னைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

“சேச்சி, பழம் எடுக்குற மாதிரி எடுக்குறீங்களே.”

“தமிழ் பேசுற சாமான் இல்லையா தம்பி?”

“தமிழோ? அதுக்கு சேச்சி தன்னே பேசணும்.”

சொல்லிவிட்டு அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். பிறகு அந்த நீலப் பலகையையே எடுத்துக்கொண்டேன். அந்த வீட்டில் நாள் முழுக்க நான் கேட்கிற குரலைக் கடலுக்கு அந்தப் பக்கம் அவளும் கேட்பாள் என்று ஒரு நப்பாசை. கேசட்டில் பேசி அனுப்பலாம்தான். அதைப் போட்டுக் கேட்க அக்காவின் ஒற்றை அறைக் காம்பராவில் மெஷின் இல்லை. இது அமுக்கினால் போதும். மெல்லிய குரல், பிள்ளையை மிரட்டாத குரல். எழுத்துப் படிக்கட்டும் என்று மெடத்திடம் சொன்னேன். எழுத்து எனக்கு இரண்டாம் பட்சம்.

ஊருக்குத் திரும்பிய நோர்வூட்டுக்காரி ஒருத்தி கையில் அதைக் கொடுத்தனுப்பினேன். அதற்குப் பிறகு அந்தப் பையன் பலகையை அமுக்கும்போதெல்லாம் எனக்கு மலை தெரியும். மூடுபனி, ஈரச் சாக்கு மணம், வரிசை வீடுகளான எங்கள் லயத்துக் கூரைகளில் ஒரே நேரத்தில் கிளம்புகிற புகை. ‘சி, கெட்’ என்று குரல் சொல்லும்போது அங்கேயும் சொல்லியிருக்கும். இப்போது மழையாக இருக்கும். இப்போது பிள்ளைக்காம்பராவில் தூங்க வைத்திருப்பார்கள். இப்போது என்னை நினைத்திருப்பாள்.

முதல் இரண்டு வருஷ ஒப்பந்தம் முடிந்து லீவில் வந்தேன். ஒரு மாதம், பிறகு திரும்பிப் போக வேண்டும். லயத்துக்கு ஏறுகிற பாதையிலேயே ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். மகள் அக்காவின் கொங்காணிக்குப் பின்னால் நின்றாள். மழைக்கும் பனிக்கும் கொழுந்துக்காரிகள் தலையில் மாட்டுகிற அந்தச் சாக்கின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஒரு கண்ணால் பார்த்தாள்.

“வாடி, அம்மா வந்துருக்காங்க பாரு” என்றாள் அக்கா.

மகள் அசையவில்லை. நான் குந்தி உட்கார்ந்து கையை நீட்டினேன். “நான்தான்டா அம்மா.”

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு தெளிவாகச் சொன்னாள்:

“ட்ரை அகேன்.”

லயமே சிரித்தது. பக்கத்துக் காம்பரா மதினி வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். “பெத்தவளுக்கே பாஸ் மார்க் போடலயேடி ஓம்மக.” நானும் சிரிக்கப் பார்த்தேன். கன்னம் ஒத்துழைக்கவில்லை.

அக்காதான் உள்ளே கூட்டிப்போய்ச் சொன்னாள். பலகை வந்த நாளில் பிள்ளை யார் பேசுவது என்று கேட்டிருக்கிறது. “அம்மா பேசுறாங்கன்னு சொல்லிப்புட்டேன். வேற என்னா சொல்றது? பிள்ளைக்கி ஒரு கொரலு வேணும்ல. அதக் கேட்டாத்தான் சோறு எறங்கும், அதக் கேட்டாத்தான் தூங்கும்.” பலகையைத் துணியில் சுற்றிச் சாமித் தட்டுக்குக் கீழே வைத்திருந்தாள். ஓரங்கள் தேய்ந்து நீலம் வெளுத்திருந்தது.

“இம்புட்டு நாளா பெட்டரி எப்படி வந்துச்சு?”

“காயவச்சுத்தான். கொழுந்த வாட்டுற மாதிரி வாட்டுனா இன்னுங் கொஞ்சம் பேசும். வெயில் இருந்தா கூரத் தகரத்துல, மழைன்னா அடுப்பு ஓரத்துல.” பிறகு தாழ்ந்த குரலில் சேர்த்துக்கொண்டாள்: “பெட்டரி எறங்குனா கொரலு ஒரு மாதிரி இழுக்குமா, பிள்ள பயந்துருச்சு. அம்மாவுக்கு சளி, காயவச்சா சரியாயிரும்னு சொல்லியிருக்கேன்.”

அக்காமீது கோபிக்க எனக்கு மனம் வரவில்லை. நான் நினைத்து அனுப்பியதைத்தான் அவள் பிள்ளைக்குச் சொல்லியிருக்கிறாள். அது இவ்வளவு நன்றாகப் பலிக்கும் என்றுதான் நான் நினைக்கவில்லை.

நாட்கள் போயின. மகள் என்னைக் கும்பிடாத குறையாக மரியாதையாக நடத்தினாள். “சாப்புடுங்க.” “ஒக்காருங்க.” கொண்டுவந்த கவுனைப் போட்டுக்கொண்டாள், சொக்லேட்டை வாங்கிக்கொண்டாள், இருட்டுகிற நேரம் பலகையை எடுத்துக்கொண்டு வாசல் திண்ணையான இஸ்தோப்பின் மூலைக்குப் போய்விட்டாள். அங்கிருந்து என் போட்டிக்காரி பேசுவாள். நான் குசினியில் நின்று கேட்பேன். அவள் அடுத்து என்ன சொல்லுவாள் என்பது எனக்குத் தெரியும். எத்தனை ஆயிரம் தரம் இன்னொரு பிள்ளையோடு கேட்டிருக்கிறேன். மகள் கையில் கேட்கும்போது மட்டும் அது புதிதாக இருந்தது, கேட்கக்கூடாததைக் கேட்பதுபோலவும் இருந்தது.

லீவு முடிகிற வாரத்தில் மழை பிடித்துக்கொண்டது. வெயில் ஊரில் பழகிய உடம்பு, குளிர் உள்ளே இறங்கிவிட்டது. காய்ச்சல் பெரிதாக இல்லை, தொண்டைதான் கட்டிக்கொண்டது. கம்பளியைப் போர்த்திக்கொண்டு இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தேன். மகள் மூலையில் பலகையோடு இருந்தாள். அமுக்கினாள். சத்தம் வரவில்லை. மறுபடி அமுக்கினாள். பலகை ஒரு தரம் முனகி நின்றது. மழைநாள், அக்கா மலையில், பெட்டரியைக் கழற்ற அவளுக்குத் தெரியாது. உதடு பிதுங்கியது.

யோசித்துச் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். அவள் விரல் எந்த எழுத்தில் இருந்தது என்று பார்த்தேன். வாயைத் திறந்தேன்.

“ஏ... அப்பிள்.”

கட்டிய தொண்டை. இழுத்து இழுத்து, கரகரவென்று, அடியிலிருந்து வந்தது. பெட்டரி இறங்கிய குரலே அது.

மகள் பலகையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அடுத்ததை அமுக்கினாள்.

“பி... போல்.”

எழுந்து வந்தாள். என் வாய்க்கு நேரே முகத்தைக் கொண்டுவந்து உள்ளே பார்த்தாள். பின்னால் சுற்றிப் போய் என் கொண்டையைத் தூக்கிக் கழுத்தைத் தடவினாள். பலகைக்குப் பின்பக்கம் இருக்கிற சின்னப் பெட்டரி மூடியைத் தேடினாள் போல. அந்த விரல்கள். பனியில் நனைந்த கொழுந்தின் குளிர். நான் கழுத்தைக் குனிந்து கொடுத்தேன்.

“சளியா?” என்று கேட்டாள்.

“ஆமாடா.”

என் சுட்டுவிரலைப் பிடித்து இழுத்தாள். குசினிக்குக் கூட்டிப்போனாள். அக்கா பெட்டரிகளை வரிசையாக வைக்கிற அடுப்பு ஓரத்தைக் காட்டினாள். “இங்கன ஒக்காருங்க. காயணும்.” உட்கார்ந்தேன். கணகணவென்று கிடந்த தணலுக்கு முதுகைக் காட்டி, முகத்தைக் காட்டி, அவள் சொன்னபடியெல்லாம் திரும்பினேன். அடிக்கொரு தரம் வந்து என் தோளை அமுக்கினாள். நான் ஓர் எழுத்தைச் சொன்னேன். பிறகு எழுத்துத் தீர்ந்ததும் மழை என்றேன், பூனை என்றேன், தங்கம் என்றேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். அக்கா நனைந்து வந்து பார்த்தபோது மகள் என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். பலகை சாமித் தட்டுக்குக் கீழே கிடந்தது.

அதன் பிறகு எனக்கு மிச்சம் இருந்தது சில நாட்கள்தான்.

போகிற காலையில் அதிசயமாக மழை விட்டிருந்தது. தோட்டத்துச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றோம். பை அக்காவின் தலையில், மகள் என் இடுப்பில். கீழே வளைவில் ஹோன் சத்தம் கேட்டதும் அவளை இறக்கிவிட்டேன். அழவில்லை அவள். என் தோளை எட்டி ஒரு தரம் அமுக்கிப் பார்த்தாள்.

“போயிட்டு வாறேன்டா” என்றேன். தொண்டை இன்னும் முழுதாகத் தெளியவில்லை.

“இன்னும் சளி இருக்கு” என்றாள் அக்காவிடம். பிறகு என்னிடம்: “போற ஊர்ல வெயில் இருக்கா?”

“நெறைய இருக்கு.”

பஸ் வந்து நின்றது. கண்டக்டர் பையை வாங்கினான். ஒரு காலைப் படியில் வைத்துவிட்டுத் திரும்பினேன். அவள் அக்காவின் கையை உதறிவிட்டு ஓர் அடி முன்னால் வந்தாள்.

“அப்ப வெயில்லயே இரும்மா, என்னா.”