கருவைக்குள் போன பந்து

உச்சிப்புளி கடைத்தெருவில் இன்று என் ஸ்கூட்டிக்குப் பஞ்சர் ஒட்டியபோது, சொல்யூஷன் வாசம் மூக்கில் ஏறியதும் எனக்குப் பழைய எரிச்சல் வந்துவிட்டது. எங்கள் உயர்நிலைப்பள்ளிப் பெண்கள் கால்பந்து அணிக்கே அந்த வாசம்தான். மைதானத்தின் மூன்று பக்கமும் சீமைக்கருவை அடர்ந்து நிற்கும். ஓங்கி உதைத்த பந்து கடல்காற்றில் இழுபட்டு முள்ளில் போய் விழுந்து உஸ்ஸென்று காற்றை விட, நாங்கள் இடுப்பில் கைவைத்து நிற்க, கோல்கீப்பர் முத்துமாரி அதைத் தூக்கிக்கொண்டு சைக்கிள் கடைக்கு ஓட, அவள் திரும்பி வருவதற்குள் பெல் அடித்துவிடும். கருவையை வெட்டச் சொல்லித் தலைமையாசிரியரிடம் கேட்கும்போதெல்லாம், "வெட்டிருவோம்மா, பாப்போம்" என்பார். பந்து வீணாகிவிடுமே என்று பயந்து நாங்கள் மெல்ல உதைக்கவே பழகிக்கொண்டோம்.

ராமநாதபுரத்தில் நடந்த போட்டியில் சுற்றிலும் ஒரு முள்கூட இல்லை. ஒரு கோல் பின்தங்கியிருந்தோம். கடைசி நிமிடத்தில் எதிரணி கோல்கீப்பர் இடறி விழுந்துகிடக்க, காலியான கோல் என் முன்னால் இருந்தது.

"ஓங்கி ஒதைடி! இங்கன முள்ளு இல்லடி!" என்று மறுகோடியிலிருந்து முத்துமாரி கத்தினாள்.

நன்றாகவே காதில் விழுந்தது. ஆனால் கால் பழக்கப்படிதான் உதைத்தது. பந்து தவழ்ந்து போனது. விழுந்து கிடந்தவள் எழுந்து, தாவணியைச் சரிசெய்வதுபோல நிதானமாகச் சட்டையை இழுத்துவிட்டு, குனிந்து அதை எடுத்துக்கொண்டாள்.

அடுத்த வருஷம் ஜேசிபி வந்து ஒரே காலையில் கருவை முழுவதையும் பிடுங்கிப் போட்டது. மைதானத்தில் கட்டடம் கட்டப்போகிறார்களாம்.