பல் பட்ட கப்பித்தேன்

எனக்கு அறுபத்தெட்டு வயது நடக்கிறது. நான்கு பிள்ளைகளைப் பெற்று நான்கையும் வளர்த்து ஆளாக்கியவள். பால்பல் முளைத்த காலத்தில் நான்கும் என் தோளைக் கடித்துப் பழகியவைதான். அதனால் பல் தடத்தைப் பற்றி எனக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. படிப்பு நாலாம் வகுப்போடு சரி. கையெழுத்துப் போடுவேன், பஸ் போர்டு படிப்பேன், கடையில் என்னை யாரும் ஏய்த்துவிட முடியாது. நீளமாக எழுதத்தான் இப்போது கை நடுங்குகிறது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள்.

இந்தப் பேத்தி சேதராப்பட்டில் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போகிறாள். சம்பளம் வந்தால் பொம்மை வாங்குவாள். டிவியில் ஏதோ தொடராம், நட்சத்திரங்களுக்கு நடுவே கப்பல் விட்டுக்கொண்டு போகிறவர்களாம், அதில் வரும் ஆட்கள் எல்லாம் பொம்மையாக விற்கிறார்களாம். வாங்கி வந்தால் பெட்டியைப் பிரிக்க மாட்டாள். கண்ணாடித்தாளுக்குள் இருந்தபடியே அலமாரியில் நிற்கும். தொடாத பொம்மை எதற்கு என்று ஒருநாள் கேட்டேன்.

"பிரிச்சா மதிப்பு போயிடும் ஆயா" என்றாள்.

நான் எழுந்து போய் என் டிரங்குப் பெட்டியிலிருந்து பிஸ்கட் டப்பாவை எடுத்து வந்து அவள் முன்னால் கவிழ்த்தேன். எட்டு பொம்மைகள், விரல் உயரம். இவையும் நட்சத்திரக் கப்பல்காரர்கள்தான், ஆனால் அறுபது வருஷத்துக்கு முந்தியவர்கள். அவள் ஒவ்வொன்றாக எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எல்லாத்துலயும் பல்லு பட்டிருக்கே. யாரு ஆயா கடிச்சது?"

அதைத்தான் சொல்லப் போகிறேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. இதே நெல்லித்தோப்பில்தான் இருந்தோம். அப்பா, அம்மா, ஒன்றரை வயதுத் தம்பி, நான், சித்தி. சித்தப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக இருந்தார். கல்யாணமாகி ஆறு மாதத்தில் பிரெஞ்சு தேசத்துக்குக் கப்பல் ஏறியவர், வீடு கிடைத்ததும் சித்தியை அழைத்துக்கொள்வதாக ஒவ்வொரு கடிதத்திலும் எழுதுவார். அந்த வீடு கிடைக்காமலேயே ஐந்து வருஷம் ஓடியிருந்தது. சித்திக்குக் குழந்தை இல்லை.

லீவில் ஊர் வரும் மற்ற சொல்தாக்களிடம் சித்தப்பா சாமான் கொடுத்தனுப்புவார். சித்திக்கு சோப்பு, சென்ட். எனக்கு ஒரு பொம்மை. அங்கே வீட்டுக்கு வீடு படம் காட்டும் பெட்டி இருக்கிறது, அதில் வாராவாரம் நட்சத்திரத்துக்குப் போகிறவர்களின் கதை வருகிறது, மொத்தம் எட்டுப் பேர், அவர்களுக்குத் தலைவன் கப்பித்தேன் என்று எழுதியிருந்தார். அவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்த கதை. டிவியை எங்கள் தெருவில் கண்ணால் கண்டவர் கிடையாது. மீதிக் கதையை நானே கட்டிக்கொண்டேன். கண்ணாடிக் குடத்தைத் தலையில் கவிழ்த்த பொம்பளைக்குக் குடத்தலைச்சி என்று பேர் வைத்தேன். இரண்டு கம்பி நீட்டிக்கொண்டிருந்தவன் கொம்பன். கையைத் தூக்கிவிட்டால் தூக்கியபடியே நிற்பார்கள். கையிலும் காலிலும் சின்னச் சின்னப் பள்ளம் இருக்கும். நட்சத்திரத்துச் சண்டையில் பட்ட காயம் என்று தெருப் பிள்ளைகளிடம் சொல்லிவைத்திருந்தேன். அவர்களும் நம்பி, காயத்தைத் தொட்டுப் பார்க்க வரிசையில் நின்றார்கள்.

இரண்டு வருஷத்தில் ஏழு பேர் சேர்ந்துவிட்டார்கள். கப்பித்தேன் மட்டும் வரவில்லை. தலைவன் இல்லாமல் அந்தக் கப்பல் எங்கள் வீட்டு ஜன்னலை விட்டு நகர மறுத்தது.

ஒருநாள் சித்தி தம்பிக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். அவன் கொம்பனைப் பிடுங்கி வாயில் வைத்துவிட்டான். நான் கத்தினேன். சித்தி மெல்ல அவன் வாயிலிருந்து எடுத்து முந்தானையில் துடைத்தாள். துடைத்தவள் அப்படியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கொம்பனின் காலில் பழைய தடம் ஒன்று இருந்தது, பக்கத்திலேயே தம்பி கடித்த புதுத் தடம். மேலே இரண்டு பல், கீழே இரண்டு பல். இரண்டு தடமும் ஒரே அளவு. மற்ற ஆறையும் எடுத்துவரச் சொன்னாள். ஒவ்வொன்றாக விரலால் தடவினாள். தம்பி சோற்றுக்கு வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

சித்திக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அப்பாவிடம் சொல்லி எழுதக் கூச்சம். ஆகவே அவள் கடிதங்களை நான்தான் எழுதுவேன். என் எழுத்து விமானத்தில் போகிறது என்று எனக்குத் தலைகால் புரியாத பெருமை. எழுதி முடித்ததும் படித்துக் காட்டச் சொல்வாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். சொன்னது சொன்னபடி இருந்தால் தலையை ஆட்டுவாள்.

மறுநாள் மத்தியானம் விமானத் தபாலின் நீலத்தாளோடு என்னைக் கூப்பிட்டாள். வழக்கமான நலம் விசாரிப்பெல்லாம் முடிந்த பிறகு கொம்பனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்:

"பொம்மை இனிமே அனுப்ப வேணாம். கடிக்கிறவன் கையிலயே இருக்கட்டும். லீவுக்கு வரப்ப அவனையும் அழைச்சிக்கிட்டு வாங்க. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். நான் வளத்துக்குறேன். இதான். எழுது."

எனக்கு முதல் வரிதான் காதில் விழுந்தது. பொம்மை வேண்டாமா? கப்பித்தேன் வராமலே போய்விடுவானா? கடிக்கிறவன் என்பது சித்தப்பாவின் பக்கத்து வீட்டுப் பயலாக இருக்கும் என்று நினைத்தேன். இருக்கிற ஏழு பொம்மையையும் தின்று தீர்க்க அவனை விமானத்தில் ஏற்றி வரவழைக்க வேண்டுமா? சித்திக்கு ஏதோ ஆகிவிட்டது என்று முடிவு கட்டினேன். குனிந்து, நிதானமாக, குண்டு குண்டு எழுத்தில் எழுதினேன்: 'பொம்மை ஏழு வந்தது. கப்பித்தேன் வரவில்லை. கப்பித்தேனைக் கட்டாயம் அனுப்பவும்.'

"படிச்சுக் காட்டு" என்றாள் சித்தி.

தாளைப் பார்த்தபடியே அவள் சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். நாக்கு தடுமாறவில்லை. கண்ணை மூடிக் கேட்டவள், கடைசி வரியை இன்னொரு தரம் படிக்கச் சொன்னாள். இன்னொரு தரமும் படித்தேன். நான் வளத்துக்குறேன்.

அன்றைக்குத் தபால் பெட்டி வரைக்கும் அவளும் கூட வந்தாள். கடிதம் உள்ளே விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான் திரும்பினாள்.

அப்புறம் அவள் நடையே மாறிப்போயிற்று. மிச்சத் துணியில் ஒரு சின்னச் சட்டை தைத்தாள். யாருக்கு என்று கேட்டேன். இருக்கட்டும் என்றாள். எதற்கோ சிரித்துக்கொள்வாள். எனக்கும் சிரிப்புதான். இருவரும் அவரவர் காரணத்தோடு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நான்கு மாதம் கழித்து ஒரு சொல்தா வந்து சோப்பும் கடிதமும் ஒரு பொட்டலமும் கொடுத்துவிட்டுப் போனார். பொட்டலத்தில் கப்பித்தேன். மற்றவர்களைவிட அதிகமாகக் கடிபட்டிருந்தான். மூக்கே இல்லை. கடிதத்தை நான்தான் படித்தேன். நலம், நலமறிய ஆவல், கேட்ட பொம்மையை அனுப்பியிருக்கிறேன். அந்தக் 'கேட்ட' என்ற சொல்லை விழுங்கிவிட்டேன். வேறொன்றும் இல்லையா என்றாள் சித்தி. இல்லை என்றேன். அது மட்டும் உண்மை. கப்பித்தேனை உள்ளங்கையில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு என்னிடம் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். அந்தச் சட்டையை அடுத்த வாரமே தம்பிக்குப் போட்டுவிட்டாள். அவனுக்குத் தொளதொளவென்று இருந்தது.

மறு வருஷம் சித்தப்பாவே லீவில் வந்தார். மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தவர் ஜன்னலில் நின்ற எட்டுப் பேரையும் பார்த்தார்.

"கப்பித்தேன் இங்கதான் நிக்கிறானா" என்று சிரித்தார். "இவனைக் குடுக்க மூணு நாளு அழுதான். மத்ததெல்லாம் அவனாதான் குடுத்தான், அக்காவுக்கு அக்காவுக்குன்னு. கடைசியில இவனையும் அவனே கொண்டாந்து என் கையில வெச்சான்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரிந்தது போலும். கை சோற்றில் நின்றுவிட்டது.

"அவன் இப்ப எங்க?" என்றாள் சித்தி. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

அவர் குனிந்தபடியே பதில் சொன்னார். அவன் அம்மா அவனைக் கூட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டாளாம், விலாசம் தெரியவில்லையாம். பிறகு தலையை நிமிர்த்தினார்.

"உனக்குத் தெரியும்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சிக்கிட்டேவா அவன் பொம்மைய அனுப்பச் சொல்லி எழுதுன?"

நான் தண்ணீர்ச் செம்போடு கதவோரம் நின்றிருந்தேன். சித்தி திரும்பி என்னை ஒரு தரம் பார்த்தாள். ஒரே ஒரு தரம்.

"ஆமா. நான்தான் கேட்டேன். எட்டும் ஒண்ணா இருக்கட்டும்னு" என்றாள். அவர் இலையில் ரசம் ஊற்றினாள்.

தப்பித்தோம் என்று இருந்தது எனக்கு. சித்திக்கு மறதி, தான் சொன்னதே அவளுக்கு நினைவில்லை என்று எண்ணிக்கொண்டேன். செம்பை வைத்துவிட்டு ஓடிப்போய் கப்பித்தேனை வரிசைக்கு முன்னால் நிறுத்தி கப்பலைக் கிளப்பினேன். அன்றைக்கு அது நன்றாகவே பறந்தது.

அதற்குப் பிறகும் சித்தி கடிதமெல்லாம் என்னிடம்தான் சொல்லி எழுதினாள். வேறு ஆள் தேடவில்லை. படித்துக் காட்டு என்று சொல்வதையும் விடவில்லை. ஆனால் நான் படிக்கும்போது கண்ணை மூடுவதில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். நான் நன்றாகப் படிக்கிறேன் என்பதற்காகப் பார்க்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

என் மூத்தவன் முதன்முதலாகத் தோளைக் கடித்த அன்றைக்குத்தான், அந்தத் தடத்தைக் கண்ணாடியில் பார்த்தபோது, நான் எதை எழுதாமல் விட்டேன் என்று எனக்கு விளங்கியது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சித்தியிடம் ஓடினேன். பென்ஷன் வாங்கி ஊரோடு வந்துவிட்ட சித்தப்பா வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவள் உள்ளே கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அந்தக் கடுதாசி என்று ஆரம்பித்தேன். அழுகை முந்திக்கொண்டது.

"பால் குடுக்கிறவ அழக் கூடாது, விடு" என்று பிள்ளையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள். அவன் அவள் விரலைக் கடித்தான். கடிக்கட்டும் என்று விட்டுவிட்டு, இன்னொரு கையால் கீரையை ஆய்ந்தாள்.

அவ்வளவுதான். பேனாவை வை, கண்ணு. முதலிலிருந்து படித்துக் காட்டு. நான் கண்ணை மூடிக்கொண்டே கேட்கிறேன்.