பக்கத்து நாட்டை ஜெயிச்ச வருஷம்

எங்க அத்தான், அதான் அக்கா வீட்டுக்காரர், வாயைத் திறந்தாலே 'அதாவது'தான். கல்வி அமைச்சகத்துல புள்ளிவிவரப் பிரிவு. நம்ம அரசாங்கம் காலேஜ் படிப்புக்கு எவ்வளவு செலவு பண்ணுது, பக்கத்து நாடு எவ்வளவு பண்ணுதுன்னு வருஷா வருஷம் ஒப்பிட்டு எழுதறதுதான் வேலை. ரெண்டுமே உள்ளங்கை அகலத்துக்கு நாடு. பஸ்ல கண்ணசந்தா அங்க போய்த்தான் இறங்கணும். ஆனா கணக்குல மட்டும் எப்பவும் அவங்கதான் மேல.

வீட்டுலயும் அதே புத்தி. அக்கா டீ குடுத்தா, "அதாவது, நேத்தோட ஒப்பிட்டா இன்னைக்கு சூடு கம்மி"ம்பார்.

"அறிக்கை எழுதி அனுப்புங்க. அடுத்த வருஷம் பரிசீலிக்கிறேன்"ம்பா அக்கா.

கல்யாணத்தோட நின்னுபோன படிப்பை, பையன் ஸ்கூலுக்குப் போக ஆரம்பிச்சதும் அக்கா மறுபடி பிடிச்சா. பகல்ல துணிக்கடையில பில் போடுற வேலை, சாயங்காலம் அரசு மாலைக் கல்லூரி. ரத்தப் பரிசோதனை டிப்ளமா, ஃபீஸ் கிடையாது. மூணு வருஷத்துல ரெண்டு முடிச்சுட்டா. ஊசி குத்திப் பழக அத்தான்தான் கையை நீட்டுவார். "அதாவது, இடது கையில குத்து. வலது கை அரசாங்கத்தோடது."

அவரோட மேலதிகாரிக்கு நாங்க வெச்ச பேர் இருமல். இருமாம உத்தரவு போடமாட்டார். நான் அந்த இருமலை இருமிக் காட்டினா, சோபாவுல சாய்ஞ்சிருக்கிற அத்தான் பதறி எழுந்து நிப்பார்.

அந்த இருமல் ஒருநாள் கூப்பிட்டார். "க்ஹும்... எத்தனை வருஷம்யா அவங்ககிட்ட தோத்துக்கிட்டே இருப்பே?"

"அதாவது சார், செலவு பண்ணினாத்தானே சார்..."

"க்ஹும்... ரிட்டயர் ஆன பேராசிரியர்களோட பென்ஷன் எங்க?"

"அது தனிக் கணக்கு சார்."

"காலேஜ்ல வேலை பார்த்தவங்கதானே? சேரு."

"பக்கத்து நாட்டுக்காரங்க சேர்க்கலையே சார்?"

"க்ஹும்... அது அவங்க தலைவிதி."

அத்தான் வாயில்லாப் பூச்சி. சேர்த்தார். ஜெயிச்சோம். அமைச்சர் மேடைக்கு மேடை பேசினார். ஆபீஸ்ல கேக் வெட்டினாங்க. அத்தான் தன் துண்டை டிஷ்யூல சுத்தி வீட்டுக்குக் கொண்டுவந்தார். அக்காவும் பெருமையா சாப்பிட்டா.

அடுத்து பட்ஜெட். நிதி அமைச்சகம் கேட்டுச்சு: "பக்கத்து நாட்டைவிட அதிகமா செலவு பண்றோம்னு நீங்களேதான் சொல்றீங்க. அப்போ குறைச்சா என்ன?" பென்ஷன்ல யாரும் கை வைக்க முடியாது. மாலை வகுப்புல வைக்கலாம். வெச்சாங்க, வகுப்பையே மூடிட்டாங்க. "பகல் வகுப்புல சேர்ந்துக்கலாம்"னு காலேஜ் கேட்டுல நோட்டீஸ் ஒட்டினாங்க. பகல்ல படிக்கப் போனா துணிக்கடைச் சம்பளம் யார் தருவா?

அத்தானுக்கு சோறு இறங்கல. பென்ஷனைக் கழிச்சு, நிஜக் கணக்கைப் போட்டு எடுத்துக்கிட்டு இருமல்கிட்ட போய் நின்னார்.

"க்ஹும்... அப்போ அமைச்சர் பேசினது பொய்யின்னு சொல்றியா? எடுத்துட்டுப் போய்யா."

அன்னைக்கு சாயங்காலம் அக்காகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டார். நான் பக்கத்துல வெங்காயம் உரிச்சுக்கிட்டிருந்தேன். அக்கா திட்டுவா, கத்துவான்னு பார்த்தேன். அவ கேட்டது ஒண்ணுதான்.

"அந்த பென்ஷனை எடுத்துட்டா, நிஜமா எவ்வளவு?"

"அவங்க நூறு செலவு பண்ணினா... நாம அறுபது."

"அந்த அறுபதுலதான் நான் படிச்சுக்கிட்டிருந்தேனா?"

அவர் ஆமான்னு தலையை ஆட்டினார்.

"எனக்கு அதுவே போதுமா இருந்துச்சே."

அக்கா எழுந்து போய், மறுநாள் துணிக்கடைக்குப் போட்டுக்கிற யூனிஃபார்மை அயர்ன் பண்ண ஆரம்பிச்சா. அவ பையன் வந்து, "அம்மா, இன்னைக்கும் நீ கிளாஸுக்குப் போகலையா?"ன்னு கேட்டான். "லீவுடா"ன்னா.

"எத்தனை நாளைக்கு?"

அக்கா காலரைத் திருப்பிப் போட்டுத் தேய்ச்சா.