கத்திரி அக்கா வெட்டிய காட்சி

எங்கள் எடிட்டரை எல்லோரும் கத்திரி அக்கா என்றுதான் கூப்பிடுவோம். பதினெட்டு வருஷம் கல்யாண வீடியோ வெட்டியவள். மச்சானோடு சண்டை என்று யாராவது வந்து நின்றால், மச்சானை வீடியோவிலிருந்தே தூக்கிவிடுவாள்.

ரயில் நிலையத்தில் குண்டு வெடித்து அவள் தம்பி செத்தான். அங்கே ஆளைப் பறிகொடுத்த ஒன்பது பேர் சேர்ந்து படம் எடுத்தோம். ஒரே விதி: ஒரு காட்சியை ஒருத்தர் வேண்டாம் என்றாலும் அது போய்விடும், ஒன்பது தலையும் ஆடினால்தான் திரும்ப வரும். நிலையத்துக் கேமராவில் குண்டு வெடிப்பது பதிவாகியிருந்தது. அக்கா முதல் நாளே அதை வெட்டினாள். அதற்கு முந்தைய இரண்டு நிமிஷத்தை மட்டும் வைத்தாள். நடைமேடையில் யாரோ கொட்டாவி விடுகிறார்கள். தம்பி குனிந்து ஷூ கயிறு கட்டுகிறான்.

அரசு அதிகாரி ஒருவர் வந்து படத்தைப் பார்த்தார்.

"என்னம்மா, குண்டே வெடிக்கலையே? இது நாட்டோட சரித்திரம். அதைச் சேருங்க, நினைவு நாள்ல ஊரெல்லாம் போட்டுடலாம்."

எங்களுக்குச் சபலம். எட்டுத் தலை ஆடியது.

அக்கா ஆட்டவில்லை.

"ஊரெல்லாம் பார்க்கணும்னுதான் சார் குண்டு வெச்சவன் அதை வெச்சதே. அந்த சீனுக்கு டைரக்டர் அவன். எங்க படத்துல அவனுக்குச் சான்ஸ் கிடையாது."