ஆளுக்கு ஒரு கிளவுஸ்

கார்ப்பரேஷன் துப்புரவு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு மட்டாஞ்சேரியில் ஒரு டயாலிசிஸ் சென்டரில் சேர்ந்தேன். கட்டில், மெஷின், தரை எல்லாம் துடைக்க வேண்டும். ஊரையே பெருக்கினவனுக்கு இது என்ன வேலை என்று நினைத்துத்தான் போனேன். முதல் நாளே ஷீபா சிஸ்டர் பிடித்துக்கொண்டார். ஒரு கட்டிலைத் துடைத்த துணியோடு அடுத்த கட்டிலுக்குப் போயிருந்தேன்.

"மாரியண்ணா, அந்தத் துணி அங்கயே முடிஞ்சது. இங்க வேற துணி, வேற கிளவுஸ்."

"கட்டில் சுத்தமாத்தானே இருக்கு சிஸ்டரே?"

"கண்ணுக்குத் தெரியற அழுக்குன்னா நான் எதுக்குக் கத்தறேன்?"

ரத்தத்தில் பரவும் மஞ்சக்காமாலைக் கிருமி, காய்ந்துபோன துளியில்கூட நாள்கணக்கில் உயிரோடு கிடக்குமாம். இங்கே வருகிறவர்களுக்கோ வாரம் தவறாமல் ஊசி ஏறுகிறது. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போக அதற்கு ஒரு கை போதும். அந்தக் கை எப்படிப்பட்டது என்பதைச் சொல்லத்தான் இதைச் சொல்கிறேன்.

எங்கள் சென்டருக்குப் புருஷனைக் கூட்டிவரும் செல்விக்கு இறால் கிள்ளி ஓடு உரிக்கிற ஷெட்டில் வேலை. என் வீட்டுக்காரியும் அந்த வேலைதான் பார்த்தாள். இறால் தலையில் ஒரு முள் உண்டு. ஐஸ் தண்ணீரில் ஊறின விரலில் அது கிழிப்பது அப்போது தெரியாது, வீட்டுக்கு வந்து மிளகாய் அரைக்கும்போதுதான் தெரியும். எங்கள் வீட்டில் இறால் கறி வைத்தால் விரல் எரியும் என்று அவள் மட்டும் மோர் ஊற்றிச் சாப்பிடுவாள். அது கிடக்கட்டும்.

செல்வியின் புருஷன் ரவி, ஆட்டோ ஓட்டினவன். அவனுக்கு இவள்தான் கிட்னி கொடுப்பதாக இருந்தது. எல்லாம் பொருந்திவிட்டது. ஆபரேஷனுக்குக் காத்திருந்தார்கள்.

டயாலிசிஸ் முடிந்து ஊசியை உருவினால் அந்த இடத்தில் காஸ் துணி வைத்துக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடிக்க வேண்டும். ரவிக்குச் செல்வி பிடிப்பாள். பக்கத்துக் கட்டிலில் காதரிக்கா. மலையாளத்தில் இக்கா என்றால் அண்ணன். அவர் கொச்சங்காடி கிடங்கில் மூட்டை சுமந்தவர். கூட யாரும் வருவதில்லை. மறு கையில் பலமில்லை என்பார். இஞ்சி மூட்டை தூக்கின கை! செல்வி ரவியை விட்டதும் அதே கையோடு திரும்பி அவருக்கும் பிடிப்பாள். அவரும் கண்ணை மூடிக்கொண்டு அந்தக் காலத்துக் கதை சொல்லுவார்.

ஒருநாள் காதரிக்காவின் காஸ் நனைந்து செல்வியின் விரலில் ரத்தம் வழிந்தது. அந்த விரலில் புது வெட்டு. நான் சிஸ்டரைக் கூப்பிட்டேன். ஓடிவந்து கிளவுஸ் மாட்டிக் காஸைத் தான் வாங்கிக்கொண்டார்.

"போய் சோப்புப் போட்டுக் கழுவு! அந்த நோய் உனக்கு வந்தா உன் கிட்னிய எடுக்க மாட்டாங்க. ரவிக்கு வேற யாரு இருக்கா?"

செல்விக்கு முகம் வெளுத்துவிட்டது. "இக்காவுக்கு அது இருக்கா சிஸ்டர்?"

"யாருக்கு இருக்குன்னு நான் சொல்லவும் மாட்டேன், நீ கேக்கவும் கூடாது. இங்க எல்லார் ரத்தமும் ஒரே கணக்கு. ஒவ்வொருத்தரும் அவங்கவங்க காஸைப் பிடிக்கணும். முடியாதவங்களுக்குப் பிடிச்சா ஆளுக்கு ஒரு கிளவுஸ்."

அடுத்த தடவை செல்வி கிளவுஸ் போட்டுக்கொண்டு வந்தாள். காதரிக்கா கையை இழுத்துக்கொண்டார்.

"எனிக்கு என்னடீ, குஷ்டமா? நீ தொட வேண்டா. ரத்தம் போகட்டும்."

ரத்தம் போகவும் செய்தது. செல்வி தாங்கமாட்டாமல் கிளவுஸைக் கழற்றப் போனாள்.

"கழட்டாதடீ!" என்று கத்திவிட்டேன்.

காதரிக்காவின் முகம் எனக்குத் தெரிந்த முகம். தெருப் பெருக்கிவிட்டு வரும் என் அம்மாவுக்குச் சாயாக்கடையில் கிளாஸ் தங்கள் கையில் படாமல் உயரத்திலிருந்துதான் ஊற்றுவார்கள். கிளாஸை நீட்டிக்கொண்டு நிற்கையில் அவள் முகம் அப்படித்தான் இருக்கும்.

"இக்கா, தொடக்கூடாதுன்னு நினைச்சவன் பக்கத்திலயே வரமாட்டான். இவ தொடறதுக்குத்தானே கிளவுஸ் போட்டிருக்கா? இப்பத்தான் ரவி ரத்தத்தைப் பிடிச்சுட்டு வரா. அதே கைய உங்க ஊசி ஓட்டையில வைக்கணுமா?"

ரவி படுத்தபடியே சொன்னான்: "விடுங்க மாமா. என் ரத்தம் இக்காவுக்கு வேணும்னா எடுத்துக்கட்டும். பாதி சாராயம்தான்."

"அய்யோ படச்சோனே!" என்று ஆண்டவனைக் கூப்பிட்டுக்கொண்டே காதரிக்கா கையை நீட்டிவிட்டார். "புதுசு போட்டியாடீ மோளே? காமி."

அன்றிலிருந்து அவர்தான் எங்கள் இன்ஸ்பெக்டர். டாக்டர் பக்கத்தில் வந்தால்கூட, "புதுசா சாரே?" என்பார். ஷீபா சிஸ்டர் தலையில் அடித்துக்கொள்வார்.

ஆனால் செல்வி முன்னால் வெறுங்கையோடு பிடித்தது பிடித்ததுதானே. ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். கிருமி இருந்தாலும் உடனே தெரியாதாம், சில மாதம் கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும் என்றார்கள். அத்தனை நாளும் அவள் யாரோடும் சிரிக்கவில்லை. கடைசி ரிசல்ட் வந்த அன்று சிஸ்டர் வாசலிலிருந்தே சொன்னார்: "ஒண்ணும் இல்லடீ, சுத்தம்!"

செல்வி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஈரம்டீ, இப்பத்தான் துடைச்சேன்" என்றேன்.

"இருக்கட்டும் மாமா" என்று அழுதுகொண்டே சிரித்தாள்.

அன்று காதரிக்கா அவளைக் கூப்பிடவில்லை. தானே ஒரு கிளவுஸ் கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டு, தன் காஸைத் தானே அழுத்திப் பிடித்தார். "நீ போய் ரவியைப் பாரு. என் கைக்கு ஒரு கேடும் இல்ல" என்றார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ரவியின் கட்டிலுக்கு வேறு ஆள் வந்துவிட்டார்.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். அருவருப்புப் படுகிறவன் கையால் நோய் பரவாது, அவன் எட்டியே நிற்பான். பாசத்தோடு ஓடிவருகிற கையைத்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். அதைத் தடுக்காதீர்கள். ஒரு கிளவுஸை எடுத்து நீட்டுங்கள்.